பனித்தரை ஹொக்கியும் வீரர் நலமும்

உடலை வளர்த்தற்கும் உள்ளத்தைப் பண்படுத்தற்கும் எழுந்தவை விளையாட்டுக்கள் என்பது யாவரும் ஒப்ப முடிந்த கருத்து. ஆயினும், உடலை வளர்க்க எழுந்த விளையாட்டே அவ்வுடலை ஊறுபடுத்துதற்கும் வாயிலாதல் உண்டு. அவ்வாறாயின், விளையாட்டைக் கைவிடுவதா, ஊறு வாராமற் காத்துக்கொண்டு விளையாடுவதா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் விளையாட்டு, குளிர்நாடுகளிற் பெருவழக்காயுள்ள பனித்தரை ஹொக்கி ஆகும். நம் கல்லூரி மைதானங்களிற் புற்றரைமீது ஆடப்படும் ஹொக்கியை அறிந்தோர் பலர். பனித்தரை ஹொக்கியைக் கண்ணாற் கண்டோர் சிலரே. எனினும், இன்று கனடாவிற் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு அது அந்நியமான ஆட்டமன்று. அவ்வாட்டத்தில் வீரர் நலங் காக்கும் முறைகள் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்பதை ஆராய்தல், எவ்விளையாட்டில் ஈடுபடுவோர்க்கும் பயன் தருவதாகும்.

ஆட்டத்தின் இயல்பு

1875 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3 ஆம் நாள் மொன்றியல் நகரிலுள்ள விக்ரோறியா சறுக்கு மண்டபத்தில், ஜேம்ஸ் கிறைற்றன் என்பாரின் முயற்சியால் ஓர் ஆட்டம் நிகழ்ந்தது. கூரையின் கீழ் முறைப்படி நடந்த முதலாவது பனித்தரை ஹொக்கி ஆட்டம் இதுவே என்பர். அன்று பந்துக்குப் பதிலாக மரத்தாலான தட்டையான வட்டொன்று பயன்பட்டது. பந்தாயின் மேலெழும்பிப் பார்ப்போரைத் தாக்கும். வட்டாயின் தரையோடு வழுக்கிச் செல்லும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். எனவே, பாதுகாப்பைப் பற்றிய எண்ணம் இவ்வாட்டத்தோடு உடன்பிறந்தது எனலாம்.

இன்று பயன்படும் வட்டு கடினமாக்கப்பட்ட இறப்பராலானது. அதன் விட்டம் 3 அங்குலம். தடிப்பு 1 அங்குலம். நிறை ஐந்தரை முதல் 6 அவுன்சு வரை. கிரிக்கெற் பந்தின் நிறையும் ஏறக்குறைய இதுவே. துள்ளாதிருத்தற்பொருட்டு வட்டைக் குளிரூட்டி உறையச் செய்தபின்னரே பெரும் போட்டிகளில் ஆடுவர். அதனால் அது மேலும் கடினமாகின்றது. தேர்ந்த வீரரின் மட்டையிலிருந்து புறப்படும் வட்டு மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் பாய்தல் உண்டு. 2012 ஆம் ஆண்டில் நிகழ்ந்த திறன்காண் போட்டியொன்றிற் சடேனோ சாரா என்னும் வீரர் அடித்த வட்டு மணிக்கு 108.8 மைல், அஃதாவது 175 கிலோமீற்றர் வேகத்திற் சென்றதாகப் பதிவாகியுள்ளது.

வட்டு மாத்திரமன்று, ஆடுவோரும் விரைந்து செல்கின்றனர். பனிக்கட்டியில் உராய்வு மிகக் குறைவு. ஆதலால் மணிக்கு 30 கிலோமீற்றரும் அதற்கு மேலும் வேகங்கொள்ளுதல் வீரர்க்கு அரிதன்று. பௌதிகவியல் பயிலும் மாணவர் இதன் விளைவை எளிதில் உணர்வர். இயக்கச் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமானது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஒருவன் அதே உடலோடு 30 கிலோமீற்றர் வேகத்திற் சறுக்குவானாயின், அவன் கொண்டுள்ள சத்தி இருமடங்கன்று, நான்மடங்காகும். அச்சத்தி முழுவதும் மற்றொருவன் உடலிலோ, ஆடுகளத்தைச் சூழ்ந்துள்ள பலகைச் சுவரிலோ ஒரு கணத்தில் அடங்கவேண்டியுள்ளது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு வீரனும் கையில் ஒரு மட்டையையும் காலிற் கூரிய உருக்கு அலகுகளையும் தாங்கி நிற்கின்றான். அலகின் அடிப்புறம் குழிவாகத் தீட்டப்படுவதால் அதன் இருமருங்கும் கத்திமுனை போன்ற விளிம்புகள் அமைகின்றன. மேலும், எதிரியை உடலால் மோதித் தடுத்தல் இவ்வாட்டத்தில் விதியால் ஏற்கப்பட்ட செயலாகும். இவையெல்லாம் ஒருங்கு கூடும்போது ஊறு நேராதிருப்பதே வியப்பு.

முகமூடியின் வரலாறு

இவ்வளவு அபாயம் சூழ்ந்த ஆட்டத்தில் வீரர்கள் தொடக்கத்திலேயே கவசம் பூண்டிருப்பர் என நாம் எண்ணுதல் இயல்பு. உண்மை அவ்வாறன்று. இலக்கைக் காத்துநிற்கும் வீரர்கள் பல்லாண்டு காலம் முகத்தில் யாதொரு மறைப்புமின்றியே வட்டை எதிர்கொண்டனர். 1930 ஆம் ஆண்டிற் கிளின்ற் பெனடிக்ற் என்பார், முகத்திற் பட்ட காயத்தின்பின் தோலாலான முகமூடியொன்றை அணிந்து சில ஆட்டங்கள் ஆடினார். பார்வையை அது தடுத்தமையாற் பின்னர் அதனைக் கைவிட்டார். அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தேசிய ஹொக்கிச் சங்கத்தில் முகமூடி வழக்கூன்றவில்லை.

1959 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆம் நாள், நியூ யோர்க் நகரில், மொன்றியல் கனேடியன்ஸ் குழுவின் இலக்குக் காவலரான ஷாக் பிளான்ற் என்பாரின் முகத்தில் அன்டி பாத்கேற் அடித்த வட்டு பட்டது. குருதி ஒழுக அவர் களத்தைவிட்டு அகன்றார், காயம் தைக்கப்பட்டது. அக்காலத்திற் குழுக்கள் மாற்றுக் காவலரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை. பயிற்சிவேளைகளில் தாம் அணிந்துவந்த முகமூடியை அணிய இசைந்தாலன்றி மீண்டும் களமிறங்கேன் எனப் பிளான்ற் உறுதியாக நின்றார். முகமூடியை விரும்பாத பயிற்றுநர் ரோ பிளேக் வேறு வழியின்றி உடன்பட்டார். அன்று மொன்றியல் 3 இலக்குக்கு 1 ஆக வென்றது. அதன்பின்னும் வெற்றிகள் தொடர்ந்தன. முகமூடி பார்வையைக் கெடுக்கும், அணிபவன் அஞ்சியவன் ஆவான் என்னும் வாதங்கள் படிப்படியாக வலுவிழந்தன. 1974 ஆம் ஆண்டோடு முகமூடியின்றி ஆடும் காவலர் அச்சங்கத்தில் இல்லாதொழிந்தனர்.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முகமூடியைத் தடுத்துநின்றது அறியாமை மாத்திரமன்று. வட்டு முகத்திற் பட்டாற் காயம் உண்டாகும் என்பதை அறியாதார் எவருமிலர். தடுத்துநின்றது வீரத்தைப் பற்றிய ஒரு தவறான கருத்தாகும். நோவைப் பொறுத்தலே வீரம். காப்பைத் தேடுதல் கோழைமை என்னும் எண்ணம் வீரரிடத்தும் பயிற்றுநரிடத்தும் பார்ப்போரிடத்தும் வேரூன்றியிருந்தது. புதிய காப்பு ஒவ்வொன்றும் இவ்வெண்ணத்தோடு போராடியே இடம்பெற வேண்டியதாயிற்று.

தலையும் கண்ணும்

1933 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 12 ஆம் நாள் பொஸ்ரன் நகரில் எடி ஷோர் என்னும் வீரர் பின்புறமிருந்து மோதியதால், ரொறொன்ரோக் குழுவைச் சேர்ந்த ஏஸ் பெயிலி பனிக்கட்டியில் தலையடிபட வீழ்ந்தார். மண்டையோடு உடைந்து மரணவாயில்வரை சென்று மீண்ட அவர் பின்னர் ஒருபோதும் ஆடவில்லை. அவருக்கு உதவும்பொருட்டு 1934 ஆம் ஆண்டு பெப்புருவரியில் ரொறொன்ரோவில் ஒரு சிறப்பாட்டம் நடைபெற்றது. அங்கு பெயிலியும் ஷோரும் கைகுலுக்கிக்கொண்டனர். அந்நிகழ்ச்சி மக்களை உருக்கியதேயன்றித் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கவில்லை.

முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1968 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 13 ஆம் நாள், மினசோற்றாக் குழுவைச் சேர்ந்த பில் மாஸ்ரர்ற்றன் மோதுண்டு பின்புறமாக வீழ்ந்தார்; தலைக்கவசமற்ற அவர் தலை பனிக்கட்டியில் மோதியது. இரு நாட்களின்பின் அவர் உயிர் நீத்தார். தேசிய ஹொக்கிச் சங்க ஆட்டத்திற் பட்ட காயமே நேர்க்காரணமாக இறந்த வீரர் அவர் ஒருவரே. அவர் பெயரால் ஒரு விருதும் ஏற்பட்டது. ஆயினும் தலைக்கவசம் கட்டாயமாவதற்கு 1979 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விதியும் அதன்பின் புதிதாக ஒப்பந்தஞ் செய்தோரையே கட்டுப்படுத்திற்று. முன்னரே ஆடிவந்தோர் விரும்பியவாறு ஆடலாம் என விடப்பட்டது. அவ்வாறு தலைக்கவசமின்றி ஆடியவருள் இறுதியானவராகிய கிறெய்க் மக்ராவிஷ் 1997 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். 2013 ஆம் ஆண்டிற் கண்மறைப்புக் கட்டாயமாக்கப்பட்டபோதும் இம்முறையே பின்பற்றப்பட்டது. பழையவரின் வழக்கத்தைக் குலைக்காது, புதியவரை முதல்நாளிலிருந்தே பழக்குதல் இதன் உட்கருத்தாகும்.

தொழில்முறை வீரரிலும் பார்க்கச் சிறுவர் விடயத்தில் அறிவு விரைந்து செயற்பட்டது. ரொறொன்ரோவைச் சேர்ந்த கண்வைத்தியர் தோமஸ் பாஷ்பி, ஹொக்கியாற் கண்ணிழப்போர் தொகையை 1970 களில் ஆண்டுதோறும் திரட்டி, மட்டையும் வட்டுமே அதற்குக் காரணமென எடுத்துக்காட்டினார். கனடிய நியமச் சங்கம் முகக்காப்புக்கு அளவுத்திட்டம் வகுத்தது. இளையோர் ஆட்டங்களில் முழு முகக்காப்புக் கட்டாயமாயிற்று. அதனை அணிந்தோரிடையே கண்ணிழத்தல் ஏறக்குறைய இல்லாதொழிந்தது. கணக்கெடுத்தல், காரணங் காணல், நியமம் வகுத்தல், கட்டாயமாக்கல், மீண்டும் கணக்கெடுத்துப் பயன் காணல் என்னும் இவ்வொழுங்கு விளையாட்டு வைத்தியத்துக்கு ஒரு முன்மாதிரியாக அமைந்தது.

கழுத்தின் இருவகை அபாயங்கள்

கழுத்துக்கு நேரும் ஊறு இருவகைப்படும். ஒன்று வெட்டுக்காயம், மற்றொன்று முள்ளந்தண்டு முறிவு.

1989 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22 ஆம் நாள் பஃபலோ நகரிற் கிளின்ற் மலார்சுக் என்னும் இலக்குக் காவலரின் கழுத்து நாளம், எதிர்க்குழு வீரர் ஒருவரின் பாதணி அலகால் அறுபட்டது. வியட்நாம் போரிற் படைமருத்துவ உதவியாளராகப் பணிபுரிந்து அனுபவம் பெற்றிருந்த குழுப் பராமரிப்பாளர் விரைந்து சென்று, குருதி வெளிப்பட்ட இடத்தைக் கையால் இறுகப் பற்றிக்கொண்டமையாலேயே அவர் உயிர் பிழைத்தார். ஆயின், எல்லாரும் அத்துணை நற்பேறு பெறுவதில்லை. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 28 ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், நொற்றிங்ஹாம் குழுவுக்காக ஆடிய அடம் ஜோன்சன் கழுத்து வெட்டுண்டு இறந்தார்.

வெட்டுத் தாங்கும் நாரால் நெய்த கழுத்துக்காப்பு அப்போது புதுமையானதன்று. சுவீடனில் 1995 ஆம் ஆண்டிற் பெங்ற் ஓகெர்புளொம் என்னும் வீரர் இவ்வாறே இறந்ததன்பின் அந்நாட்டிற் கழுத்துக்காப்புக் கட்டாயமாயிற்று. கனடாவிலும் சிறுவர்கள் அதனை அணிந்தே ஆடிவந்தனர். ஆயின் வளர்ந்தபின் பலர் அதனைக் கழற்றிவிட்டனர். ஜோன்சனின் மரணத்தையடுத்துச் சர்வதேசப் பனித்தரை ஹொக்கிச் சம்மேளனம் தன் போட்டிகளில் எல்லாநிலை வீரர்க்கும் அதனைக் கட்டாயமாக்கிற்று. தேசிய ஹொக்கிச் சங்கமும், 2026 - 2027 பருவத்திலிருந்து புதிதாக நுழையும் வீரர் அதனை அணியவேண்டும் என்னும் உடன்படிக்கையை 2025 ஆம் ஆண்டில் வீரர் சங்கத்தோடு செய்துகொண்டது.

முள்ளந்தண்டு முறிவுக்குக் காப்புடை எதுவுமில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20 ஆம் நாள் பொஸ்ரன் பல்கலைக்கழகத்துக்காகத் தன் முதல் ஆட்டத்தில் இறங்கிய ட்ரவிஸ் ரோய், களத்தில் நின்ற 11 ஆவது செக்கனிற் பலகைச் சுவரில் தலை முட்ட வீழ்ந்தார். கழுத்தின் நான்காம் முள்ளென்பு சிதைந்தது, கைகால்கள் செயலற்றன. பின்னர் தம்போன்று முடங்கியோர்க்கு உதவும் நிதியமொன்றை நிறுவி உழைத்த அவர் 2020 ஆம் ஆண்டிற் காலமானார்.

இவ்வூறு எவ்வாறு நேர்கின்றது? நிமிர்ந்த கழுத்து இயல்பாகச் சிறிது வளைந்திருக்கும். தலையிற் படும் விசையை அவ்வளைவும் தசைகளும் பங்கிட்டு ஏற்கின்றன. தலை குனியும்போது அவ்வளைவு மறைந்து முள்ளென்புகள் நேரிய தூண்போல் அடுக்கி நிற்கின்றன. அந்நிலையில் உச்சந்தலை சுவரில் மோதுமாயின், நின்றுவிட்ட தலைக்கும் இன்னும் முன்னோக்கி விரையும் உடலுக்கும் இடையில் அத்தூண் நசுங்குகின்றது; அதனுள் ஓடும் முண்ணாண் சிதைகின்றது. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்குமேயன்றி இதனைத் தடுக்கமாட்டாது. ஆகவே இங்கு காப்பு இரண்டே: சுவரை அணுகும்போது தலையைக் குனியாது நிமிர்த்தல் ஒன்று, சுவரை நோக்கி நிற்பவனைப் பின்னாலிருந்து மோதாதிருத்தல் மற்றொன்று. ரொறொன்ரோ நரம்பியற் சத்திரவைத்தியர் சாள்ஸ் ரேற்றரும் அவர் குழுவினரும் இவ்வகைக் காயங்களைத் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்டனர். கனடாவிற் பின்னிருந்து மோதுதலுக்கு எதிராக 1980 களில் விதி வகுக்கப்பட்டது. சிறுவர் சட்டையின் முதுகில் 'நில்' என்னும் வீதிக்குறி போன்றதொரு சின்னத்தைத் தைக்கும் வழக்கமும் சில இடங்களிற் பரவிற்று.

விதியே சிறந்த கவசம்

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை விளங்கும். கவசம் விளைவைத் தணிக்கும்; விதியோ காரணத்தையே நீக்கும். இதற்குச் சில எடுத்துக்காட்டுக்கள் தருதும்.

தன் பாதியிலிருந்து ஒருவன் வட்டை எதிர்முனைவரை அடித்துவிடின், அதனை எதிர்க்குழுவினன் முதலில் தொட்டாலே ஆட்டம் நிறுத்தப்படும் என்பது தேசிய ஹொக்கிச் சங்கத்தின் பழைய விதி. இதனால் இருவர் வட்டை நோக்கி முழு வேகத்தோடு விரைந்து, இறுதியிற் சுவரில் மோதுதல் அடிக்கடி நிகழ்ந்தது; எலும்புகள் முறிந்தன. 2013 ஆம் ஆண்டில் இவ்விதி திருத்தப்பட்டது. சுவருக்கு முன்னே ஓரெல்லையில் எவன் முந்துகின்றான் என்பதைக் கண்டே மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்துவர். ஆட்டத்தின் சுவை குறையவில்லை. அபாயம் மாத்திரம் அகன்றது.

மற்றொன்று சிறுவர் பற்றியது. கனடாவின் அல்பேற்றா மாகாணத்தில் 11, 12 வயதுச் சிறுவர் உடலால் மோதியாட அனுமதிக்கப்பட்டிருந்தனர். கியூபெக் மாகாணத்தில் அவ்வயதினர்க்கு அது விலக்கப்பட்டிருந்தது. ஒரே ஆட்டத்தை இருவகை விதிகளின் கீழ் ஆடிய இவ்விரு சாராரையும் ஒப்புநோக்கிக் கரலின் எமெரி என்னும் ஆய்வாளரும் உடன்பணிபுரிந்தோரும் 2010 ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். மோதல் அனுமதிக்கப்பட்ட அல்பேற்றாச் சிறுவர்க்கு ஊறு நேரும் வாய்ப்பு மும்மடங்குக்கு மேற்பட்டிருந்தது. சிறுவயதிலேயே மோதப் பழகினாற் பிற்காலத்தில் ஊறு குறையும் என்று வாதித்தோர் பலர். அவ்வாதத்துக்கு ஆய்வு ஆதாரம் தரவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2011 ஆம் ஆண்டிலும் கனடாவில் 2013 ஆம் ஆண்டிலும் அவ்வயதினர்க்கு மோதல் விலக்கப்பட்டது. விலக்கியபின் அல்பேற்றாவில் அவ்வயதினரின் காயங்கள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தமை பின்வந்த ஆய்வினாற் புலனாயிற்று.

பார்ப்போரையும் விதி மறந்துவிடலாகாது. 2002 ஆம் ஆண்டிற் கொலம்பஸ் நகரில் ஆட்டம் பார்க்கச் சென்ற 13 வயதுச் சிறுமியொருத்தி, களத்தைக் கடந்து பறந்த வட்டுத் தலையிற் பட்டு இரு நாட்களின்பின் இறந்தாள். அடுத்த பருவத்திலேயே இலக்குக்களுக்குப் பின்னால் உயர்ந்த வலைகள் கட்டாயமாக்கப்பட்டன.

மூளையதிர்ச்சி

இன்று இவ்விளையாட்டை மிகவும் கவலைக்குள்ளாக்குவது மூளையதிர்ச்சியாகும். மூளை, மண்டையோட்டினுள் ஒரு திரவத்திற் பொதிந்து கிடக்கும் மெல்லிய உறுப்பு. தலை சடுதியாகத் திரும்பும்போது மண்டையோடு முன்செல்ல, மூளை பின்தங்கி முறுக்குண்கின்றது. இதனால் நரம்புக் கலங்களின் தொழில் சிலகாலம் குழம்புகின்றது. தலைக்கவசம் மண்டையோடு உடைவதை நன்கு தடுக்கும். மூளை முறுக்குண்பதைத் தடுக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. மோதல் விலக்கப்பட்டு, முழு முகக்காப்போடு ஆடப்பட்டுவந்த பெண்கள் ஆட்டத்திலும் மூளையதிர்ச்சி மலிந்திருந்தமை இதற்குச் சான்றாகும்.

மயங்கி வீழ்ந்தாலே மூளையதிர்ச்சி என்பது பிழையான எண்ணம். பெரும்பாலானோர் மயங்குவதில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், ஒளியையும் ஓசையையும் பொறாமை, நினைவுக் குழப்பம், இயல்புக்கு மாறான சோர்வு அல்லது சினம் என்பன அதன் குறிகள். இவற்றுள் ஒன்று காணப்படினும் வீரனை உடனே வெளியேற்றவேண்டும். அன்று மீண்டும் அவனை இறக்கலாகாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாம் அடி விழுமாயின் ஆறுங்காலம் நீளும். இளையோர்க்கு உயிராபத்தும் நேரலாம். தலைசிறந்த வீரராகிய சிட்னி குறொஸ்பி, 2011 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் நாளும் 5 ஆம் நாளும் தலையில் அடிபட்டு, அவ்வாண்டு நவம்பர்வரை ஆட இயலாதிருந்தார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 ஆம் ஆண்டில் நிறைவேறிய ரோவன் சட்டம், 2013 ஆம் ஆண்டில் றக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்துத் தலையிற் காயமுற்று இறந்த 17 வயது மாணவியின் பெயரைத் தாங்கியது. சந்தேகமுள்ள வீரரை உடனே அகற்றவேண்டும் என்பதை அது சட்டமாக்கிற்று.

முன்னாளில் இருட்டறையிற் படுக்கவைத்தலே பரிகாரமாகக் கருதப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் நகரிற் கூடிய வல்லுநர் மாநாடு இக்கருத்தை ஏற்கவில்லை. முதல் ஒன்று அல்லது இரண்டு நாள் அளவான ஓய்வு, பின் மெல்லிய நடை, அதன்பின் படிப்படியாகக் கூடும் பயிற்சி என்பதே இன்றைய முறை. படிகள் ஆறு, இறுதிப்படிகளுக்குச் செல்லுமுன் வைத்தியரின் அனுமதி வேண்டும். மாணவராயின், ஆட்டத்துக்குத் திரும்புமுன் படிப்புக்கு முற்றாகத் திரும்பியிருத்தல் வேண்டும் என்பது ஆசிரியர் மனங்கொள்ளத்தக்கது. பல்லைக் காக்கும் வாய்க்காப்பு, இவ்வாட்டத்தில் மூளையதிர்ச்சியையும் ஓரளவு குறைக்கின்றது என்பதும் அம்மாநாட்டிற் சுட்டப்பட்டது.

காற்றும் நோயும் இதயமும்

ஊறு வேறு, நோய் வேறு. ஊறு கண்ணுக்குத் தெரியும். நோய்க்காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை. பனித்தரையைச் செப்பனிடும் எந்திரத்தைக் கலிபோர்ணியாவைச் சேர்ந்த பிராங் சம்போனி 1949 ஆம் ஆண்டில் அமைத்தார். எரிபொருளால் இயங்கும் எந்திரங்கள் காபனோரொட்சைட்டையும் நைதரசனீரொட்சைட்டையும் வெளிவிடுகின்றன. காபனோரொட்சைட்டு, ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு குருதியிலுள்ள ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வது, மணமற்றது. நைதரசனீரொட்சைட்டு சுவாசப்பையை அழற்றுவது; அதன் தீங்கு சில மணிநேரங் கழித்தே வெளிப்படும். சுவரால் அடைக்கப்பட்ட குளிர்க்காற்று பனித்தரைமேல் அசையாது தங்குவதாலும், ஆடுவோர் ஆழ்ந்து மூச்சுவாங்குவதாலும் தீங்கு மிகுகின்றது. நல்ல காற்றோட்டம், வாயுவை அளக்கும் கருவி, மின்னால் இயங்கும் எந்திரம் என்பன இதற்குப் பரிகாரம். குளிரூட்டப் பயன்படும் அமோனியாவும் அபாயமானது. 2017 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கனடாவின் பேர்ணி நகரில் அது கசிந்து பணியாளர் மூவர் இறந்தனர்.

குளிர்ந்த உலர்காற்றைத் தொடர்ந்து சுவாசிப்பதால் மூச்சுக்குழல் சுருங்கி இளைப்புத் தோன்றுதல் இவ்வீரரிடையே சாதாரணம். தடித்த உடைகளின் கீழ் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றருக்கு மேலும் வியர்வை வெளியேறுதல் உண்டு. குளிரில் ஆடுவதால் தாகம் தோன்றாது. ஆதலின் நீர் அருந்துதலை மறப்பர். அருந்தும்போதும் ஒரே போத்தலைப் பலர் வாய்வைத்தல் தீது. 2014 ஆம் ஆண்டிற் கூவைக்கட்டு நோய் தேசிய ஹொக்கிச் சங்க வீரரிடையே பரவியமை, நெருங்கிப் பழகும் குழுக்களில் தொற்று எத்துணை எளிதிற் பரவும் என்பதைக் காட்டிற்று.

1998 ஆம் ஆண்டிற் கிறிஸ் புறொங்கர் என்பாரின் மார்பில் வட்டுப் பட்டபோது அவர் இதயத் துடிப்பு ஒருகணம் தடுமாறியது. அவர் நினைவிழந்து வீழ்ந்தார். 2005 ஆம் ஆண்டில் இருக்கையில் அமர்ந்திருந்த ஜிறி பிஷர் இதயம் நின்று சாய்ந்தபோது, அருகிலிருந்த வைத்தியர் மார்பை அழுத்தியும் மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தியும் அவரை மீட்டனர். இக்கருவி இருத்தல் மாத்திரம் போதாது. அதனைக் கையாளத் தெரிந்தவர் அருகிலிருத்தல் வேண்டும். மலார்சுக்கைக் காத்ததும் ஒரு கருவியன்று, பயின்ற கையேயாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வீரர் நலங் காக்கும் வழிகள் மூன்றெனத் தெளியலாம். உடலிற் பூணும் காப்பு முதலாவது. ஆட்டத்தை ஒழுங்குசெய்யும் விதி இரண்டாவது. அறிவும் பயிற்சியும் மூன்றாவது. கண்ணைக் காத்தது முதலாவது. சிறுவரைக் காத்தது இரண்டாவது. நின்றுவிட்ட இதயத்தை இயக்கியது மூன்றாவது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கவசமிருக்கின்றது என்னும் துணிவாற் கடுமையாக மோதத் தலைப்படின், கவசமே தீங்குக்குக் காரணமாகிவிடும்.

இவ்வரலாறு நமக்கு வருத்தந் தரும் ஒன்றையும் உணர்த்துகின்றது. பெயிலி வீழ்ந்தபோது செய்திருக்கவேண்டியதை, மாஸ்ரர்ற்றன் இறந்து பதினொராண்டு கழிந்தபின்னரே செய்தனர். 1995 இற் சுவீடன் கற்ற பாடத்தைப் பிறநாடுகள் பல 2023 இலேயே கற்றன. அறிவு இருந்தது, அதனை ஏற்கும் மனமே பிந்தி வந்தது. வருமுன் காத்தல் எளிதெனப் பேசுகின்றோம். ஆயின், வந்தபின்னரும் காவாதிருந்த காலமே இவ்விளையாட்டின் வரலாற்றிற் பெரும்பகுதியாய் உள்ளது.

நம் மைதானங்களிற் பனிக்கட்டி இல்லை. எனினும், கிரிக்கெற் பந்தும் ஹொக்கி மட்டையும் உதைபந்தாட்ட மோதலும் உண்டு. தலைசுற்றுகின்றது என்று சொல்லக் கூசி ஆட்டத்தைத் தொடரும் மாணவனும் உண்டு. அவனைக் கைபிடித்து வெளியே அழைத்துவரும் ஆசிரியர், ஓர் ஆட்டத்தை இழக்கலாம்; ஒரு மாணவனை இழக்கமாட்டார்.